மூட்டை முடிச்சு இல்லாமல் ஒரு ஊருக்கு



எம்மைப் போல ஊர் ஊராகத் திரிந்த பெண்கள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கொடிகாமம், கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம், வாகரை, வாழைச்சேனை என்று ஒவ்வொருத்தியும் விரல் மடித்து எண்ணலாம். ஆனால் அந்த ஊர்களை நாம் பார்த்திருக்கிறோமா? அங்கே எந்தக் கோயில் அழகு, எந்தக் கடையில் தேநீர் நல்லது, கடற்கரையில் எந்த நேரம் காற்று இதமாக வீசும் என்று கேட்டால் எம்மிடம் பதில் இல்லை. தண்ணீர் எங்கே அள்ளினோம், எந்த மரத்தின் கீழ் படுத்தோம், நிவாரண அட்டையை எங்கே பதிந்தோம் என்பவைதான் நினைவில் இருக்கின்றன. பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு ஊர் கண்ணில் படாது.

அதனால் இம்மாதம் ஒரு சின்ன ஊரைச் சுற்றிக் காட்டலாம் என்று நினைத்தேன். நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வாழும் பருத்தித்துறைதான் அது. நான் பிறந்தது அங்கே இல்லை. மயிலிட்டியில் பிறந்து, 1990 ஆனியில் அங்கிருந்து வெளியேறி, வலிகாமத்தில் மூன்று இடம் மாறி, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு சனத்தோடு சனமாக மீண்டும் நடந்து, கடைசியில் 1996இல் பொலிகண்டியில் ஒரு கொட்டிலுக்கு வந்து சேர்ந்தவள் நான். பல வருடங்கள் எனக்கும் பருத்தித்துறை என்றால் சங்கக்கடையும் பிரதேச செயலகமும் மட்டுந்தான். அது அழகான ஊர் என்று காண எனக்கு நீண்ட காலம் எடுத்தது.

கல்லும் கடலும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தூரத்தில், வடமராட்சியின் கரையோரமாக இருக்கிறது பருத்தித்துறை. ஒரு காலத்தில் பருத்தி ஏற்றிய துறை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். போர்த்துக்கீசர் கரையிலுள்ள கற்களைப் பார்த்து 'பொண்டா தாஸ் பெத்ராஸ்' என்றார்கள். 'கற்களின் முனை' என்பது அதன் பொருள். அந்தப் பெயர் திரிந்துதான் ஆங்கிலத்தில் பொயின்ற் பெட்ரோ ஆயிற்று. அந்தக் கற்களை இன்றைக்கும் காணலாம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி முருகைக்கல் வரிசை இருக்கிறது. பெரிய அலை அதில் மோதி உடைந்து, கரைக்கு வரும்போது வாய்க்கால் தண்ணீர் போல அடங்கிவிடும். சிறுபிள்ளைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று விளையாடுவார்கள்.

பொலிகண்டியிலிருந்து கடற்கரை வீதியால் பட்டினத்துக்கு வந்தால் வழியில் சக்கோட்டை முனை வரும். இலங்கையின் வடக்கு எல்லை அதுதான். அதற்கு அப்பால் கடல் மட்டுமே. தெற்கிலிருந்து வரும் சனங்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அரிசிப் பையோடு அந்த முனையைப் பல நூறு தடவை கடந்திருக்கிறேன். அது நாட்டின் நுனி என்று எனக்குச் சொல்லித்தந்தது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள்.

பட்டினத்தின் கிழக்குப் பக்கத்தில் வெளிச்சவீடு நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1916இல் கட்டியது. 32 மீற்றர் உயரம். ஏறிப் பார்க்க முடியாவிட்டாலும், வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பதே ஒரு காட்சிதான்.

நான் மிகவும் விரும்பும் இடம் தும்பளைப் பக்கம் போகும் வீதியிலுள்ள தெருமூடிமடம். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வீதியின் இரு பக்கமும் கற்றூண்களும் திண்ணைகளும். மேலே கூரை வீதியையே மூடி நிற்கிறது. சைக்கிளும் முச்சக்கரவண்டியும் அதன் உள்ளாலேதான் போகும். பங்குனி, சித்திரை வெயிலில் தலை வெடிக்க வந்தவர் அதற்குள் நுழைந்தவுடனே உடம்பு குளிரும். முன்னொரு காலத்தில் நடந்துபோகிறவர்களும் சுமை கொண்டுபோகிறவர்களும் இளைப்பாறட்டும் என்று யாரோ பணம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் களைத்து வருவார், அவருக்கு நிழல் வேண்டும் என்று வீதிக்கே கூரை போட்ட ஊர் இது. இடம்பெயர்ந்து வந்த எனக்கு இந்த எண்ணம் மனதுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன ஊரின் சுகம்

சின்ன ஊரில் வாழ்வதில் என்ன சுகம் என்று சிலர் கேட்பார்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் கேளுங்கள், அவள் சொல்வாள். எமது வாழ்க்கையில் பாதி, அலுவலக வாசல்களில்தான் கழிந்திருக்கிறது. மரணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிராம அலுவலரின் கடிதம் என்று ஒன்று முடிய ஒன்று வரும். பெரிய நகரத்தில் இதற்கெல்லாம் ஒரு நாளும் முச்சக்கரவண்டிக் காசும் போய்விடும். இங்கே பஸ் நிலையத்தில் இறங்கினால் சந்தை, தபாற்கந்தோர், வங்கி எல்லாம் கால்நடைத் தூரத்தில். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் இரண்டு அலுவல் பார்த்து, மீனும் மரக்கறியும் வாங்கி, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருமுன் அடுப்பில் உலை வைத்துவிடலாம்.

பிள்ளைகளின் படிப்புக்கும் குறைவில்லை. 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையும் இந்தச் சின்னப் பட்டினத்தில்தான் இருக்கின்றன. பெரிய ஊருக்குப் போய் வாடகை அறை எடுத்துப் படிப்பிக்க வசதியில்லாத தாய்மாருக்கு இது பெரிய ஆறுதல்.

முகம் பழகுவது இன்னொரு சுகம். சந்தையில் கீரை விற்கும் அம்மா, என் கையில் காசு குறைவு என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். "கொண்டு போ பிள்ளை, நாளைக்குத் தா" என்பார். நான் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால், "காய்ச்சலோ?" என்று கேட்டு ஆள் விடுவார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி இந்தக் கரைக்கு வந்தபோது முதலில் கதவைத் தட்டி எழுப்பியவர்களும், பிறகு சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்களும் இப்படி முகம் பழகியவர்கள்தான். எந்த நிறுவனத்தின் வாகனமும் வருமுன் அவர்கள் வந்தார்கள்.

ஊரின் பெயர் சொல்லும் வடை

பருத்தித்துறை என்றதும் பலருக்கு நினைவு வருவது வடை. உழுந்தை ஊறவைத்து, மாவோடு சேர்த்து, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து, சின்ன உருண்டையாக்கி, தாள் போல மெல்லிசாகத் தட்டிப் பொரித்தெடுப்பார்கள். கடித்தால் 'கறுக்' என்று உடையும். காற்றுப் புகாத தகரத்தில் அடைத்தால் இரண்டு மூன்று கிழமைக்குப் பழுதாகாது. அதனால்தான் கொழும்புக்குப் போகிறவர்களும் வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர்களும் பெட்டியில் பருத்தித்துறை வடைக்கு ஓரிடம் ஒதுக்குகிறார்கள்.

அந்த வடையைத் தட்டும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இறந்தபோது மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். முதலில் ஒரு கிலோ உழுந்தோடு தொடங்கினார். இன்று இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். "ஊரின் பெயரை நான் விற்கிறேன், ஊருக்குக் கூச்சமில்லை, எனக்கேன் கூச்சம்?" என்று சிரிப்பார். ஓடக்கரைப் பக்கம் தோசை, அப்பம் சுட்டு விற்ற பெண்களைப் பற்றியும் வடமராட்சியில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். ஒரு சின்ன ஊரின் புகழ் அதன் பெண்களின் அடுப்படியிலிருந்து வந்திருக்கிறது. இதை நாம் மறக்கக்கூடாது. ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசு அந்த அடுப்படிக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஊர்க்கண்

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது உண்மையாக இராது. காய்ச்சலோ என்று கேட்கும் ஊர்தான், "பின்னேரத்தில் கடற்கரைக்கு ஏன் போனாய்?" என்றும் கேட்கும். ஆண் ஒருவர் மதிலில் இருந்து கடலைப் பார்த்தால் காற்று வாங்குகிறார். கணவனை இழந்த பெண் அதே மதிலில் இருந்தால் யாருக்காகவோ காத்திருக்கிறாள். நல்ல சேலை உடுத்தால் ஒரு கதை, சத்தமாகச் சிரித்தால் இன்னொரு கதை. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு.

பல வருடங்கள் நானும் இதற்குப் பயந்துதான் இருந்தேன். கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வராத நாளிலிருந்து, கடற்கரை வீதியால் போகும்போதும் தலை குனிந்துதான் போவேன். அதை மாற்றியது ஒரு சின்னக் காரியம். எங்கள் மாதர் சங்கத்தில் எழுவர் சேர்ந்து, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கணக்குப் பார்ப்பதைக் கட்டடத்துக்குள் வைக்காமல் கடற்கரையில் வைப்பது என்று முடிவு செய்தோம். சீட்டுக் கொப்பியைக் கொண்டு போய் மணலில் இருந்து எழுதினோம். முதல் இரண்டு கிழமை பார்த்தார்கள். மூன்றாம் கிழமை யாரோ கடலை கொண்டுவந்து விற்றார். நான்காம் கிழமை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியாக ஒருத்தி போனால் கதை, ஏழு பேர் போனால் வழக்கம். அந்த வழக்கம் வந்தபின் ஒருத்தி தனியாகவும் போகலாம். இப்போது நான் தனியாகவே போகிறேன்.

ஓர் ஊர் அழகானதா என்று அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கடலும் கோயிலும் பழைய கட்டடமும் இருந்தால் மட்டும் போதாது. அங்கே ஒரு பெண் வேலை எதுவும் இல்லாமல், சும்மா, பயப்படாமல் நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அது கடவுளோ அரசாங்கமோ தருவதில்லை. அங்கே வாழும் பெண்கள் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும்.

பார்க்க வந்த பெண்கள்

2018 மாசியில் முல்லைத்தீவுப் பக்கத்துச் சங்கம் ஒன்றிலிருந்து 14 பெண்கள் எங்களிடம் வந்தார்கள். கிழமைக்கு நூறு ரூபாய் சேர்த்து, அந்தப் பணத்தில் வந்தவர்கள். எந்த நிறுவனமும் அவர்களுக்கு 'களப்பயணம்' ஒழுங்கு செய்யவில்லை. ஒரு பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ அவர்கள் வரவும் இல்லை. ஊர் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள்.

வந்தவர்களில் ஓர் இளம்பெண், தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவர் 2009இல் காணாமல் போனவர். "நீ ஊர் சுற்றினால் சனம் என்ன சொல்லும்?" என்று மாமியார் முதலில் மறித்தாராம். "அப்படியென்றால் நீங்களும் வாருங்கள் மாமி" என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். அந்த அம்மா தெருமூடிமடத்துத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் எழும்பவே இல்லை. கூப்பிட்டபோது, "என்ரை மகன் பிறந்ததுக்குப் பிறகு நான் சும்மா இருந்த முதல் இடம் இது, கொஞ்சம் இருக்க விடுங்கோ" என்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அன்று அவர்கள் வல்லிபுரத்துக்கும் போனார்கள். மணலுக்கு நடுவே நிற்கும் ஆழ்வார் கோயில் அது. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, ஏறத்தாழ ஆயிரத்து தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்தியது. வசப மன்னன் காலத்து எழுத்து அதில் இருக்கிறது. அங்கிருந்து மணற்காட்டுக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மணல் மேடுகள். நாற்பது வயதுப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மணல் மேட்டில் ஏறிச் சறுக்கி விழுந்தார்கள். ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டே அழுதாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் ஒரு வயதானவர் அந்த இளம்பெண்ணிடம், "பிள்ளை, மனுசன் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். சின்ன ஊரில் தப்ப முடியாத கேள்வி. நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். பதில் சொன்னது மாமியார். "மகனை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம் ஐயா. இன்றைக்கு மருமகள் எனக்கு ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தவள்." அந்தப் பெரியவர் எழும்பி அந்த அம்மாவுக்கு வாங்கில் இடம் விட்டார்.

என் இரண்டு ஊர்கள்

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றியுள்ள காணியில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. எங்கள் காணி அதற்குள் வந்தது. 27 வருடங்களின் பின் போய்ப் பார்த்தபோது வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. மகளும் மருமகனும் அங்கே வீடு கட்டினார்கள். "அம்மா, எங்கடை ஊருக்கு வாங்கோ" என்று மகள் கேட்கிறாள். அவள் 1990க்குப் பிறகு பிறந்தவள். வளர்ந்தது முழுக்கப் பருத்தித்துறையில். ஆனாலும் மயிலிட்டியை 'எங்கடை ஊர்' என்று சொல்லத்தான் அவளுக்குப் பிடிக்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். பிறந்த ஊருக்கான உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அதற்காக எத்தனை மனுக் கொடுத்தோம், எத்தனை நாள் வீதியில் இருந்தோம்! ஆனால் காணியைத் திருப்பிப் பெறுவது வேறு, எங்கே வாழ்வது என்று தீர்மானிப்பது வேறு. முதலாவது எமது உரிமை. இரண்டாவதும் எமது உரிமைதான். 1990இல் என்னிடம் யாரும் கேட்காமல் என்னைப் பெயர்த்தார்கள். இப்போதாவது நானே தெரிவு செய்ய வேண்டாமா? ஆகவே காணியை மகளின் பெயருக்கு எழுதினேன். நான் பருத்தித்துறையில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு வடைப் பொதியோடு மயிலிட்டிக்குப் போகிறேன். பிறந்த ஊர் எனக்குப் பார்க்கப் போகும் ஊராயிற்று. அகதியாக வந்த ஊர் வாழும் ஊராயிற்று. இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டும் எனக்கு இருக்கின்றன.

நீங்களும் புறப்படுங்கள்

வர விரும்பும் தோழிகளுக்குச் சில குறிப்புகள். வன்னியிலிருந்து வருவோர் யாழ்ப்பாணம் வரை போகத் தேவையில்லை. ஏ9 வீதியில் கொடிகாமத்தில் இறங்கினால் பருத்தித்துறைக்கு நேர் வீதி உண்டு. தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வருவோர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அங்கிருந்து நெல்லியடி வழியாகவோ வல்வெட்டித்துறை வழியாகவோ பஸ்ஸில் வரலாம். வல்வெட்டித்துறைப் பாதை கடலைக் காட்டிக்கொண்டு வரும். அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தைப்பொங்கல் அன்று வந்தால் அங்கே பட்டப் போட்டியும் பார்க்கலாம்.

குடையும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். மணற்காட்டுக்குக் காலையிலோ பின்னேரமோ போங்கள், நண்பகல் மணல் காலைச் சுடும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக் காலம், கடலும் கொந்தளிக்கும். சாப்பாட்டையும் வடையையும் வீட்டில் செய்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். 2022க்குப் பிறகு பஸ் கட்டணமும் எல்லாமும் ஏறித்தான் இருக்கிறது. அதனால்தான் தனியாக அல்லாமல் சங்கமாகச் சேருங்கள் என்கிறேன். சீட்டில் ஒரு பங்கைப் பயணத்துக்கு என்று ஒதுக்குங்கள். ஆறு மாதத்தில் ஒரு நாள் பயணத்துக்குச் சேர்ந்துவிடும். பிள்ளையின் படிப்புக்கும் கடனுக்கும் ஒதுக்கும் நாம், எமக்கென்று ஒரு நாளை ஒதுக்கினால் அது ஊதாரித்தனம் ஆகாது.

தூர வர முடியாதவர்கள் பக்கத்து ஊருக்குப் போங்கள். முன்னர் அகதியாகத் தங்கிய ஊர் ஒன்று கிட்ட இருந்தால் அதற்கே போங்கள். அன்று பார்க்காமல் விட்ட குளத்தையும் கோயிலையும் சந்தையையும் இப்போது ஆறுதலாகப் பாருங்கள். தண்ணீர் தந்த வீடு இன்னும் இருந்தால் கதவைத் தட்டி ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

போய் வந்தபின் உங்கள் ஊரைப் பற்றியும் பார்த்த ஊரைப் பற்றியும் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த மாதங்களில் அவற்றை எல்லோரும் வாசிப்போம். பருத்தித்துறைக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரைப் பக்கம் பாருங்கள். கொப்பியும் கையுமாக மணலில் ஏழெட்டுப் பெண்கள் இருப்பார்கள். வந்து பக்கத்தில் இருங்கள்.